தட்டில் இல்லாத குரல்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். வேணுகோபாலுக்கு லீவு பத்து நாள். மிச்ச இரண்டு நாளை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்ற தைரியத்தில்தான் 1979 ஆனி மாதம் அவன் ஐரோப்பாவிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வந்து இறங்கினான். பெட்டியில் துணிகளுக்கு நடுவே வெள்ளியாய் மின்னும் ஒரு தட்டு இருந்தது.

பிள்ளையார்பாளையத்து வீட்டில் அக்கா வடிவாம்பாள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இதுக்குள்ளயா இருக்கா எம் பொண்ணு?"

"குரல் இருக்குதுக்கா" என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

அக்காவின் ஒரே மகள் அம்சவேணி போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். ஏழு வயது. அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஐரோப்பாவிலிருந்து ஊருக்கு வந்திருந்த வேணுவின் நண்பன் சீனிவாசன் தன் டேப் ரெக்கார்டரில் அவளைப் பேசச் சொல்லி, அந்தக் கேசட்டை வேணுவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அக்கா அன்றைக்குக் கூரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மாமாவிடம் மட்டும்தான் சொல்வேன் என்று சீனிவாசனையும் வெளியே துரத்திவிட்டுக் குழந்தை பேசியிருந்தது.

"மாமா, பொம்மை வேணாம். பல்லு விழுந்துடுச்சு. புதுசு மொளைக்கறதுக்குள்ள வா."

அவ்வளவுதான். வேணு சிரித்தான், இரண்டு முறை போட்டுக் கேட்டான், போகவில்லை. வேலை. பிறகு சாவுச் செய்தி வந்தது. அதற்கும் பிறகு ஒருநாள், அவன் வேலை பார்க்கும் ஒலித்தட்டு ஆய்வுக்கூடத்தில், அவசரத்துக்குக் கையில் கிடைத்த கேசட்டில் சோதனை ஓசை ஒன்றைப் பதிந்தான். பதிந்து, பழைய குரல் அழிந்த பிறகுதான் அது எந்தக் கேசட் என்று பார்த்தான். பாவி.

குழந்தையின் குரலை அனுப்பச் சொல்லி அக்கா எழுதியபோது உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அழியாத தட்டில் ஏற்றிவிட்டேன், பேச வைக்கும் இயந்திரம் இங்கே மட்டும்தான் இருக்கிறது என்று பதில் போட்டான். தட்டில் இருந்ததோ அதே சோதனை ஓசை.

அக்கா ஏமாளியாக இருந்திருந்தால் தேவலை. கணவர் போனபின் வீட்டுத் தறியையும் நெய்து, பாதித் தெருவின் ஜக்கார்டு தறிகளுக்குப் பூவேலை விழ ஓட்டை போட்ட அட்டையும் குத்திக் கொடுப்பவள் அவள்.

"குரல் எப்படிப்பா தட்டுல நிக்கும்?"

"உள்ள சுருள் சுருளா ஒரே தடம் ஓடுதுக்கா. தலைமுடி அகலத்துல நாப்பது சுத்து. தடம் பூரா பொடிப் பொடிக் குழிங்க. லேசர்னு ஒரு வெளிச்சத்தை ஊசிமுனைக்கும் கீழ குவிச்சு அடிப்போம். மேட்டுல பட்டா பளிச்சுனு திரும்பும், குழியில பட்டா மங்கிடும். அந்த மாத்தத்தைக் கணக்கா வெச்சுத்தான் மெஷின் பேசும். எவ்ளோ சின்னதா குவிக்கிறமோ அவ்ளோ நெருக்கமா குழி வைக்கலாம். ஒண்ணும் உரசாது, தேயாது."

பெருமை பிடித்துக்கொள்ள, தட்டை நுண்ணோக்கியில் பார்த்து எடுத்த போட்டோவையும் எடுத்துக் காட்டினான். அக்கா வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

"இது அட்டைதானே? ஓட்டை இருந்தா ஊசி உள்ள போவும், கொக்கி நூலைத் தூக்கும். ஓட்டை இல்லன்னா இல்ல."

"அதேதான். அங்க ஊசி, இங்க வெளிச்சம்."

"நடுவுல கறுப்பா ஒரு கீறல் இருக்குதே?"

"முன்னாடி பின்னாடி இருக்கறத வெச்சு மெஷினே நிரப்பிக்கும்."

"நானும் அப்படித்தான். அட்டை கிழிஞ்சா மேலயும் கீழயும் பாத்துக் குத்திடுவேன்" என்றவள், போட்டோவைத் திருப்பித் தரவே இல்லை.

போட்டோவில் இருந்த குழிகளைப் பார்த்து ஐந்து நாள் அட்டை குத்தினாள். வேணு தடுக்கவில்லை. அந்தப் போட்டோவில் இருப்பது கண்ணிமைப்பில் நூறில் ஒரு பங்கு ஓசைகூட இல்லை. அதுவும் வெறும் சோதனை ஓசை. நெய்தால் தாறுமாறாகப் புள்ளி விழும், அவளுக்கும் மனசு ஆறும் என்று நினைத்தான். அவன் மேல் எனக்கு இரக்கம் வருவதில்லை. ஆனால் அவன் நினைத்ததில் தப்பில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம். முப்பத்தாறு அட்டைகளைச் சங்கிலியாய்க் கோத்துத் தறிமேல் ஏற்றினாள். மிதித்தாள். ஜக்கார்டு பெட்டி தடக் தடக்கென்று அடித்தது, ஊடை நூலோடு நாடா குறுக்கே ஓடியது, சிவப்புப் பாவு நூலில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. வேணுவுக்குக் கேட்டது தறிச்சத்தம் மட்டும்தான்.

கீறல் இருந்த இடத்துக்கு, அவளாகக் குத்தி நிரப்பிய அட்டைகள் வந்தன. அக்கா தலையைச் சாய்த்தாள். அம்சவேணி காதோரம் ரகசியம் சொல்லும்போது அக்கா அப்படித்தான் சாய்ப்பாள்.

"பொம்மை வேணாமாம்" என்றாள்.

கேசட்டில் இருந்த பேச்சை வேணு யாரிடமும் சொன்னதில்லை.

"புதுப் பல்லு மொளைக்கறதுக்குள்ள உன்னை வரச் சொல்றா." கால் மிதித்துக்கொண்டே இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "ஏம்ப்பா, இதைக் கேட்டுட்டுமா வராம இருந்தே?"

அவன் தறிப்பக்கம் போனான். முப்பத்தாறு அட்டையும் முடிந்து, சங்கிலி சுற்றி முதல் அட்டைக்கே வந்திருந்தது. இனி பழைய புள்ளிகள்தான் மறுபடி விழ வேண்டும். அவன் துணியைக் குனிந்து பார்த்தான். விழுந்துகொண்டிருந்தவை பழைய புள்ளிகள் இல்லை.

"அக்கா, நிறுத்துக்கா. அந்தத் தட்டுல அவ இல்ல. நான்தான் அழிச்சுட்டேன்."

வடிவாம்பாள் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.

"கொஞ்சம் சும்மா இருப்பா" என்றாள். "இன்னும் பேசிக்கினு இருக்கா."