ஒற்றைக் கம்பியில் எரிந்த பல்பு

பட்டறையில் அவளுக்குப் பசையக்கா என்று பெயர். கேலிப் பெயர்தான், அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவள். அறைச் சூட்டிலேயே எண்ணெய் மாதிரி ஓடும் ஒரு வகை உப்பு இருக்கிறது. அயனித் திரவம் என்பார்கள். ஆவியாகாது, லேசில் தீப்பிடிக்காது. அதைப் பசையாக உறையவைத்து, பேட்டரி செல்லுக்குள் பழைய திரவத்துக்குப் பதிலாக வைக்க இரண்டு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

வீம்புக்கு இல்லை. பழைய திரவம் தீப்பிடித்துத்தான் அவள் கணவனின் வலது கண் போனது. செல் வாங்க இன்றைக்கு வரும் கம்பெனிக்காரர்களுக்குப் பசை பிடிக்காவிட்டால் மறுபடியும் அதே திரவம், அதை ஊற்றும் மேசையில் மறுபடியும் அவள் கணவன். உயிரே போனாலும் அதற்கு அவள் சம்மதிக்கமாட்டாள்.

பட்டறை கொழுந்தன் பொறுப்பு. கெட்டவன் இல்லை, சரியான பயந்தாங்கொள்ளி.

"வெட்டிக் காட்ட வேணாம் அண்ணி. பல்பு எரிஞ்சா போதும்."

"எரியறதை எல்லாரும்தான் காட்டுவாங்க. வெட்டினாலும் எரியணும். அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். கடித உறை போலத் தட்டையான செல்லை மேசையில் வைத்து, பல்பின் ஒரு கம்பியை மாட்டினாள். இன்னொன்று கையிலேயே இருந்தது, அதற்குள் கொழுந்தன் பல்புத் தாங்கியின் சுவிட்சைத் தட்டிவிட்டான். பல்பு எரிந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. ஒற்றைக் கம்பியில் எந்த ஊரில் பல்பு எரியும்? கொழுந்தனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான். வந்தவர்கள் கவனிக்கவில்லை, அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும்.

பல்புத் தாங்கியைக் கவிழ்த்தாள். உள்ளே ஒளித்திருந்த, சட்டைப் பொத்தான் அளவுக் குட்டி பேட்டரியைப் பிடுங்கி வந்தவர்கள் முன்னால் வைத்தாள். பல்பு அணைந்தது.

"இதை வச்சது எங்க வீட்டு ஆள்தான். என் பசை மேல நம்பிக்கை இல்லை. இப்பப் பாருங்க."

இரண்டாவது கம்பியையும் செல்லின் அதே ஓரத்தில் மாட்டினாள், எரிந்தது. கத்தரிக்கோலால் செல்லைக் குறுக்கே வெட்டினாள். பல்பு ஒருமுறை சிமிட்டிவிட்டு நின்று எரிந்தது. புகைகூட இல்லை.

"இதுக்குள்ளயும் ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?" என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

கேட்கத்தான் செய்வார். அவளுக்கு முகம் எரிந்தது. "நீங்களே வெட்டிப் பாருங்க சார்."

மூன்று நாற்காலிகளும் பின்னால் நகர்ந்தன. கத்தரிக்கோலைக் கொழுந்தனிடம் நீட்டினாள். அவன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"என்கிட்ட குடு."

கேட்டது கதவோரம் நின்றிருந்த அவள் கணவன். கண் போன நாளிலிருந்து செல் இருக்கும் மேசைப் பக்கமே வராதவன். குனிந்து, இருக்கிற ஒரு கண்ணைச் செல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அவள் தடுக்கவில்லை.

கம்பி மாட்டியிருந்த துண்டை அவன் இன்னொரு முறை வெட்டினான். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. செல்லின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"சூடே இல்லடி," என்றான் அவளிடம். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினான்.

"இவங்க வாங்கினாலும் சரி, வாங்காட்டியும் சரி. அந்தப் பழைய திரவத்தை நான் இனிமே தொடமாட்டேன்."