சோதனைக்கு வந்த வண்டி

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது மடலைச் சொறிவார். கல்யாணமான புதிதிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் சொறிவதை விட்டுவிடுவார் அல்லவா? அந்த வண்டி எங்கள் எஸ்டேட்டுக்கு வந்ததிலிருந்து மனுஷர் காதைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

தொண்ணூற்றாறாம் வருஷம். நாங்கள் ஜாசின் பக்கத்தில் எண்ணெய் எடுக்கிற ஒரு செம்பனை எஸ்டேட்டில் இருந்தோம். வண்டி என்றால் காரும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. மோட்டார் சைக்கிள் மாதிரி காலை விரித்து உட்கார்ந்து ஹேண்டலைப் பிடிக்க வேண்டும். ஆனால் சக்கரம் நாலு, ஒவ்வொன்றும் பூசணிக்காய் மாதிரி உப்பிக் கிடக்கும். சாமான் கட்ட முன்னாலும் பின்னாலும் இரும்புச் சட்டம். மலாக்கா டவுனில் தண்ணீர் பம்பும் புல்வெட்டும் மெஷினும் விற்கிற ஜமாலுதீன் பாய்தான் லாரியில் கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் இறக்கினார்.

“ஓட்டிப் பாருங்க சார். புடிச்சா வாங்குங்க. புடிக்கலன்னா நானே வந்து ஏத்திக்கிட்டுப் போறேன் லா” என்று மானேஜர் கணேஸ்வரனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மானேஜர் மனதில் இரண்டு யோசனை. வேலை நாளில் இந்த வண்டி புக்கிட் பிளாக்குக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மலாக்காவிலிருந்து வருகிற விருந்தாளிகள் ஆற்றோரக் காட்டுப் பாதையில் இதை ஓட்டிக் குஷியாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் தாங்குமா என்று சோதித்துச் சொல்கிற பொறுப்பு டிராக்டர் டிரைவர் சேகரனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு.

என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று, என் வலது தோள். நான் மருந்தடிக்கிற கூட்டத்தில் வேலை செய்கிறவள். புக்கிட் என்றாலே குன்றுதான், புக்கிட் பிளாக்கும் பெயருக்கேற்ற குன்று. டிராக்டர் அடிவாரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து மருந்து கலக்கும் தண்ணீரை நாங்கள்தான் தோளிலும் தலையிலும் சுமந்து மேலே கொண்டுபோக வேண்டும். எனக்குக் கை தூக்கிக் கொண்டை போட முடியாமல் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் சுமந்தால் கை விளங்காமல் போகும் என்று ஜாசின் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டால் லயத்து வீட்டில் எனக்கென்று இருக்கிற மரியாதையும் போகும். வண்டி தேறினால் என் தோள் தேறும், அவ்வளவுதான்.

ஆனால் இந்த மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? தினமும் சாயங்காலம் வந்து குறையாகவே சொன்னார்.

“அடிப்பக்கம் கட்டையில இடிக்குது.”

“டிராக்டரும்தான் இடிக்குது” என்றேன்.

“கட்டை விரலால அமுக்கித்தான் வேகம் குடுக்கணும். விரல் மரத்துப் போவுது.”

“பிரேக்கு?”

“பிரேக்கு... அது பரவால்ல.” காதைச் சொறிந்தார்.

“அப்ப காட்டுப் பாதைக்கு?”

“அதுக்குத் தங்கமான வண்டி, தெலகா! சேத்துல இறங்கி அப்படியே ஏறி வருது. ரிவர்சு கியர் இருக்கு. ரெண்டு பனைக்கு நடுவுல நோகாம நுழையுது. விருந்தாளிங்களுக்கு ஏத்த வண்டி.”

சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு, காதில் கை இல்லை. விளையாடுவதற்குத் தங்கமாக இருக்கிற வண்டி வேலைக்கு மட்டும் தகரமா? எனக்குச் சுருக்கென்றது.

அடுத்து அவருடைய நடை. வலது காலை லேசாக இழுத்தார். கேட்டால் “பாரிட்ல விழுந்துட்டேன்” என்று காதைத் தொட்டார். டிராக்டர் ஓட்டுகிறவர் எந்தச் சாக்கடையில் போய் விழுந்தார்? ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றாமல் குளியலறை வரை போட்டுக்கொண்டு போனார். அந்த பூட்ஸில் ஒட்டியிருந்தது சிவப்பு மண். ஆற்றோரம் முழுக்கக் கறுப்புச் சேறு. எங்கள் எஸ்டேட்டில் சிவப்பு மண் புக்கிட் பிளாக்கில் மட்டும்தான். “இன்னும் புக்கிட்டுக்கு ஏத்திப் பாக்கல” என்று முந்தின ராத்திரிதான் சொல்லியிருந்தார்!

பக்கத்து வீட்டுப் பெரியநாயகி அக்காவிடம் புலம்பினேன். அவரும் எங்கள் கூட்டத்தில்தான் வேலை செய்கிறார்.

“இதுல என்னடி ரகசியம்? இந்த வண்டி வந்தா டிராக்டருக்கு மவுசு கொறைஞ்சிடும்னு பயப்படுறாரு. ஆம்பளைங்களுக்கு அவங்க ஏறி உக்கார்ற வண்டிதான் பெருசு. நம்ம தோளு யாருக்கு வேணும்?”

இருபது வருஷம் சோறு போட்ட கையை விட டிராக்டர் பெரிதாகப் போய்விட்டதா என்று ஆத்திரம் வந்தது.

அவர் சாப்பிட வந்த நேரம் பார்த்து வண்டி நின்ற கொட்டகைக்குப் போனேன். கழுவி வைத்திருந்தார், ஆனால் ஆம்பளை கழுவிய லட்சணம். சக்கரத்துப் பள்ளத்தில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. குச்சியால் நோண்டினேன். நசுங்கின எலுமிச்சம்பழத் தோல். மற்ற மூன்று சக்கரத்திலும் பார்த்தேன், மூன்றிலும் இருந்தது. விளக்குக் கண்ணாடி ஓரத்தில் துடைத்தும் போகாத குங்குமம்.

வண்டிக்குப் பூஜை போட்டிருக்கிறார்கள்! நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்து நசுக்கியிருக்கிறார்கள்.

முதலில் ஜமாலுதீன் பாய் மேல்தான் சந்தேகம் வந்தது. யாரோ நம்ம ஆள் வாங்கி ஓட்டி, அடிபட்டு, திருப்பிக் கொடுத்த பழைய வண்டியைப் புதிது என்று எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறாரோ? தோலை முகர்ந்தேன். வாசனை போகவே இல்லை. ஆக, பூஜை இங்கேதான் நடந்திருக்கிறது. சொந்தமில்லாத வண்டிக்கு, வேண்டாம் என்று திருப்பியனுப்பப் போகிற வண்டிக்கு, யாராவது பூஜை போடுவார்களா?

நேராக எல்லையில் இருக்கும் முனியாண்டி கோயிலுக்கு நடந்தேன். பூசாரி அப்புசாமி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“பூசாரி அண்ணே, எங்க வீட்டுக்காரர் வண்டியக் கொண்டுக்கிட்டு வந்தாரா?”

“வந்தாரேம்மா. பழம் வச்சு, சூடம் காட்டி, நல்லாப் பண்ணிக் குடுத்தேன்.”

“யார் பேருக்குப் பண்ணீங்க?”

அவர் கூட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “ஓட்டுறவங்க பேருக்குத்தானே பண்ணுவோம். திலகவதி, பூச நட்சத்திரம். உனக்குத் தெரியாதா?”

என் பேருக்கா? நான் அந்த வண்டியில் ஏறினதுகூட இல்லையே! என் தலைக்கு என்ன வரப் போகிறதென்று இந்த மனுஷர் எனக்குத் தெரியாமல் சாமி கும்பிடுகிறார்?

ராத்திரி அவர் சாப்பிட உட்கார்ந்ததும் எலுமிச்சைத் தோலை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“பூசாரி சொல்லிட்டாரு. இப்ப நீங்க சொல்லுங்க.”

“வண்டி தேறினா யாரு ஓட்டுறதுன்னு ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க” என்றார் மெதுவாக. “ஒங்க கூட்டத்துல மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். ஒன் பேரத்தான் சொன்னாங்க.”

“அத ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ ஏறி உக்காந்துடுவ.”

“உக்காந்தா என்ன?”

“வேணாம் தெலகா. பூஜை போட்டும் என் பயம் போகல. நான் நாளைக்கு மானேஜர்கிட்ட வேணாம்னு சொல்லிடுவேன்.”

“காலு எப்படி அடிபட்டுச்சு?”

“அதான் பாரிட்ல...” கை காதுக்குப் போனது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். என் தோளைப் பற்றி என்னைக் கேட்காமல் முடிவெடுக்க இவர் யார்? அதற்கப்புறம் அன்றைக்கு நான் அவரோடு பேசவே இல்லை.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்ததும் மானேஜர் எல்லோரையும் புக்கிட் அடிவாரத்துக்கு வரச் சொன்னார். வண்டிச் சட்டத்தில் தண்ணீர் ட்ரம்களைக் கட்டியிருந்தார்கள்.

“என்ன சேகரன், ஓகேவா?”

“வெளையாட்டுக்கு ஓகே சார். புக்கிட்டுக்கு வேணாம்.”

“ஏன்?”

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் வந்தேன். “அவர் சொல்றது இருக்கட்டும் சார். ஓட்டப் போறது நான்தானே? நானே ஓட்டிப் பாக்குறேன்.”

“தெலகா!” என்று அவர் கத்தியதைக் காதில் வாங்காமல் ஏறி உட்கார்ந்தேன். கியரைப் போட்டு, கட்டை விரலால் அமுக்கினேன். வண்டி முனகிக்கொண்டு பாதையில் ஏறியது. அத்தனை தண்ணீரோடும் திணறவில்லை. என் தோளுக்கு ஒரு பாரமும் இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அவர் காலை இழுத்துக்கொண்டே கூட ஓடி வந்தார், அதுவும் பள்ளத்துப் பக்கமாக. வண்டி சாய்ந்தால் அவர் மேல்தான் விழும். “அந்தப் பக்கம் போங்க!” என்று கத்தினேன். போகவில்லை.

பாதி தூரத்தில் இடது சக்கரம் ஒரு வேரில் ஏறியது. தண்ணீர் குலுங்கியது. வண்டி வலது பக்கம், பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. இத்தனை வருஷமாக மோட்டார் சைக்கிளில் ஜாசின் பாசாருக்குப் போய் வந்த காலல்லவா, சாய்ந்ததும் தானாகத் தரையில் ஊன்ற இறங்கியது.

“காலை இறக்காத!”

இரண்டு கையாலும் என் காலை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டார். ஊன்றப் போன இடத்தில் பின்சக்கரம் ஏறி மண்ணை அரைத்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன். என் குதிகால் அங்கே இருந்திருக்கும். “ஒடம்ப மேட்டுப் பக்கம் சாய்! கால் மேலயே இருக்கட்டும்!” சாய்ந்தேன். வண்டி வேரைத் தாண்டி, நாலு காலில் நின்று, மேலே ஏறியது.

உச்சியில் நிறுத்தினேன். அவர் மூச்சு வாங்க ஒரு பனையடியில் உட்கார்ந்தார். நான் போய் அவருடைய வலது பூட்ஸை இழுத்துக் கழற்றினேன். தடுத்துப் பார்த்தார், விடவில்லை. குதிகாலிலிருந்து விரல் வரை கன்றிக் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

“இதான் ஒங்க பாரிட்டா?”

“நானும் மோட்டார் சைக்கிள் ஞாபகத்துல ஊனிட்டேன்” என்றார். “எனக்கே இப்படின்னா, ஒனக்கு... தோளும் போயி காலும் போனா...”

“இத மொதல்ல சொல்லியிருந்தா நான் இறக்கியே இருக்க மாட்டேனே, மனுஷா!”

கீழேயிருந்து மானேஜர் கையைக் குவித்துக் கத்தினார், “சேகரன், என்னதான் சொல்றீங்க? வாங்கலாமா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். அது மடியிலேயே கிடந்தது, காதுப் பக்கம் போகவில்லை.

“வாங்கிடுங்க சார்” என்று கத்தினார். “பொம்பளைங்க கத்துக்கிறதுக்கு ஒரு வாரம் குடுங்க. நான் சொல்லித் தர்றேன்.”

அந்த வண்டி சுமந்து வந்த முதல் தண்ணீரில் நான் மருந்து கலக்கவில்லை. ஒரு ட்ரம்மைத் திறந்து, அவர் காலைத் தூக்கி மடியில் வைத்து, பூட்ஸுக்குள் புகுந்திருந்த சிவப்பு மண் போகும்வரை மெதுவாக ஊற்றினேன்.