பால் வெள்ளையாக இருக்கும் வரை

இத்தனை வருஷத் தொழிலில் கண்ணாடிக்காரருக்குப் பயம் என்று ஒன்று வந்தது போன மாதம்தான். வந்தது போகவும் இல்லை. கூடவே குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது.

அவர் மெருகேற்றிய காரில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளலாம். அதனால் பட்டறையில் அந்தப் பட்டப்பெயர். சொந்தப் பெயர் முதலாளிக்கே சட்டென்று ஞாபகம் வராது. பெயிண்டர் அடித்துவிட்டுப் போன வண்டியில் தூசி உட்கார்ந்திருக்கும், மேல்பூச்சு ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சொரசொரவென்று நிற்கும். சோப்புத் தண்ணீர் விட்டு, மெல்லிய உப்புத்தாளால் அதைச் சமமாகத் தேய்த்து, அப்புறம் மெஷின் போட்டுப் பளபளக்க வைப்பது இவர் பாடு. அவசரப்படுவது பெயிண்டர், முதுகு ஒடிவது இவருக்கு.

வண்டியின் நிறத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பூச்சு உண்டு. கிளியர் என்பார்கள். தேய்ப்பதெல்லாம் அதைத்தான். அது கரைந்து வரும் தண்ணீர் வெள்ளையாக இருக்கும், பட்டறையில் அதற்குப் பால் என்று பெயர். பால் வெள்ளையாக இருக்கும் வரை பயமில்லை. அதில் வண்டியின் நிறம் கலந்தால் தொலைந்தது. கிளியர் தேய்ந்துபோய் உள்நிறத்தில் கை வைத்துவிட்டோம் என்று அர்த்தம். மறுபடி முதலிலிருந்து பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான்.

போன மாதம் ஒரு நீல வண்டியின் கதவோரத்தில் பால் நீலமாகிவிட்டது. விரல் நுனியால் தடவியே மேடு பள்ளம் சொல்கிற மனுஷன் அன்று எப்படிக் கோட்டை விட்டார் என்பது அவருக்கே புரியவில்லை. முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"சரி, விடு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ வண்டி கழுவுற பக்கம் போயிடு. மெஷினத் தொடாத," என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ இன்னும் இவர் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

வீட்டில் மூச்சு விடவில்லை. மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறவள், அவளுக்கு இவர் விரல்மேல் அபார நம்பிக்கை. அடுப்பிலிருந்து கொதிக்கும் பாத்திரத்தை இவர் வெறுங்கையால் இறக்கினால், "உங்களுக்குக் கைப்பிடித் துணியே வேண்டாம் போங்க," என்று கேலி செய்வாள். இன்று காலையில்கூட மகளின் கட்டிலருகே அவரைக் கூப்பிட்டாள்.

"சின்னவளுக்கு உடம்பு சுடுற மாதிரி இருக்கு. நான் அயர்ன் பாக்ஸ் பிடிச்சுட்டு வந்தேன், என் கையை நம்ப முடியல. நீங்க பாருங்க. தூசியையே கண்டுபிடிக்கிற விரலாச்சே."

அவர் வண்டியின் பானெட்டைத் தடவுவது போல இரண்டு விரல் நுனியால் மகளின் நெற்றியைத் தடவினார். "சூடெல்லாம் ஒண்ணுமில்ல. தூங்கட்டும், எழுப்பாத," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மனசெல்லாம் பட்டறையில் காத்திருந்த வண்டியில் இருந்தது.

அது சிவப்பு வண்டி. புதிதாகப் பெயிண்ட் அடித்த பானெட், மதியம் சொந்தக்காரர் வருகிறார். கண்ணாடிக்காரர் ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்டினார், நம்பிக்கை வராமல் அதன்மேல் இன்னொரு டேப் ஒட்டினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேய்த்தார். நாலு இழுப்புக்கு ஒரு தடவை நிறுத்திப் பாலைப் பார்த்தார். வெள்ளை. மறுபடி நாலு இழுப்பு. வெள்ளைதான். பானெட்டின் நடுவே எழும்பி ஓடும் வளைவில், தாளைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர்க் கட்டை உட்காராது. தாளை மடித்து விரலால்தான் தேய்க்க வேண்டும். அங்கே வந்தபோது இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை நிறுத்தினார்.

தேய்த்தார். தண்ணீர் விட்டார். பாலில் ஒரு சிவப்பு இழை ஓடியது.

சட்டென்று ஈரப் பஞ்சை எடுத்து அதன்மேல் பொத்தினார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி போன் பேசிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு, இனி ஆயுசுக்கும் வாளியும் துணியும்தான். பஞ்சை மெதுவாக எடுத்தார். துடைத்து, உலர்த்தி, டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். கிளியர் சேதாரமில்லாமல் இருந்தது. எங்கேயும் ஒரு திட்டுகூட இல்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே உலர்ந்த பானெட்டில் ஒரு சிவப்புச் சொட்டு விழுந்தது. மேலேயிருந்து.

கையைத் திருப்பிப் பார்த்தார். தாளின் மடிப்பு எப்போதோ கலைந்து, சொரசொரப்பான பக்கம் விரலுக்குத் திரும்பியிருக்கிறது. வண்டியைத் தேய்த்த அளவுக்கு அவர் தன்னையும் தேய்த்திருக்கிறார். நடுவிரல் நுனியில் தோலே இல்லை. ரத்தம்தானா என்று அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன் ரத்தத்தைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. சத்தமாகவே சிரித்துவிட்டார்.

சிரிப்புக்கு முதலாளி வெளியே வந்தார். "என்ன கண்ணாடி, தனியா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்லண்ணே. தாள் திரும்பிடுச்சு, விரல் கொஞ்சம் தேஞ்சுபோச்சு. வண்டிக்கு ஒண்ணுமில்ல."

முதலாளி விரலைப் பார்த்து முகம் சுளித்தார். "இவ்வளவு தேயுற வரைக்குமா பாத்துக்கிட்டு இருந்த? எரியலையா?"

எரிகிறது என்று சொல்லத்தான் கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார்.

எரியவில்லை. புண்ணைச் சோப்புத் தண்ணீரில் முக்கினார், அப்போதும் இல்லை. பக்கத்து விரலை நகத்தால் அழுத்தினார். யாருடைய விரலையோ அழுத்துவது போல இருந்தது. அந்தக் கை, இந்தக் கை, ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். வருஷக்கணக்காக மெஷினோடு சேர்ந்து அதிர்ந்த விரல்கள். காலையில் வெளுத்து மரத்துக் கிடக்கும்போதெல்லாம் தண்ணீர் வேலைக்கு அப்படித்தான் இருக்கும் என்று உதறிவிட்டுப் போயிருக்கிறார். நீலக் கதவு எப்படிக் கை தவறியது என்று இப்போது புரிந்தது. கொதிக்கும் பாத்திரம் ஏன் சுடவில்லை என்று புரிந்தது.

அடுத்து மகளின் நெற்றி ஞாபகம் வந்தது. அதுவரை பட்ட பயமெல்லாம் பயமே இல்லை.

போன் இரண்டு தடவை கையிலிருந்து நழுவியது. அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"சின்னவ என்ன பண்றா?"

"அசந்து தூங்குறா. நீங்கதானே எழுப்பாதன்னீங்க."

"போய் நெத்தியத் தொட்டுப் பாரு."

"காலையிலதான் நீங்க பாத்தீங்களே."

"நான் பாத்தத விடு. என் விரலுக்குச் சூடு தெரியலம்மா. ஒண்ணுமே தெரியல. நீ போய்த் தொடு."

தையல் மெஷின் நின்றது. நாற்காலி இழுபட்டது. காலடிச் சத்தம் போய், "கண்ணு, எழுந்திரு கண்ணு," என்ற குரல் தூரத்தில் கேட்டது. அவள் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதையே கேட்டுக்கொண்டு அவர் நின்றார். பானெட்டில் சொட்டிக்கொண்டிருந்ததை யாரும் துடைக்கவில்லை.

"நெருப்பாக் கொதிக்குதுங்க. கூப்பிட்டாக் கண்ணத் திறக்க மாட்டேங்குறா." அவள் குரல் உடைந்தது. "நான் அப்புறம் தொட்டே பாக்கல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த முதலாளி பைக்கை ஸ்டார்ட் செய்தார். கண்ணாடிக்காரர் பின்னால் ஏறி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்திருக்கிறோமா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.