அலமாரிக்குப் பின்னால் ஒரு காகிதம்

டாங், டாங், டாங் என்று சேகண்டி விடாமல் அலறியது. யூச்சின் கொதித்துக்கொண்டிருந்த சோளக் கஞ்சியை இறக்கி வைத்தாள். கட்டி வைத்திருந்த மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடினாள். மலைச்சரிவுக்கான வெறும் ஒத்திகைதான். ஆனாலும் ஓடாமல் நடந்து வருகிறவர்களை ஊர்த்தலைவர் சூ ஒலிபெருக்கியில் பெயர் சொல்லித் திட்டுவார்.

சேகண்டி அடித்தது அவள் புருஷன் தாலின். மேலே இருக்கும் சரிவு எப்போது நகரும் என்று பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு, வீடு வீடாக ஆட்களை வெளியேற்றிவிட்டு, அவன் கடைசியாக வரவேண்டும். வந்தான். தனியாக வரவில்லை. கூடவே மெய்ரோங் வந்தாள். அவளுடைய பூப்போட்ட பஞ்சுப் போர்வை தாலின் தலையில் இருந்தது.

மைதானமே பார்த்தது. பன்றி வளர்க்கும் வெய் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான்: "சொந்தப் பொண்டாட்டி மூட்டைய அவளே தூக்கிட்டு வந்துட்டா. கண்காணிக்கிறவரு கண்ணு எங்க இருக்குன்னு இப்பத்தான் தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். யூச்சினும் சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றது.

மெய்ரோங்கின் புருஷன் சுரங்கத்தில் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஊரிலேயே உயரமான இடத்தில், சரிவின் காலடியில் அவள் வீடு. மண்ணை இடித்துக் கட்டிய பழைய வீடு. மலை நகர்ந்தால் முதலில் தெரிவது அந்த வீட்டுச் சுவரில்தான். அதனால் பின்சுவரில் ஓடும் விரிசலின் குறுக்கே தாலின் ஒரு காகிதத் துண்டை மாவுப் பசை தடவி ஒட்டி வைத்திருந்தான். சுவர் அசைந்தால் காகிதம் கிழியும். கிழிந்தால் சரிவில் இருக்கும் குடும்பங்கள் எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அந்தப் பின்சுவர் மெய்ரோங்கின் படுக்கையறைச் சுவராக இருந்ததுதான் யூச்சினுக்கு ஆகவில்லை.

மழை தூறினால் போதும், தாலின் குடையை எடுத்துவிடுவான். இவள் வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள்.

"ஊருல வேற சுவரே இல்லையா?"

"விரிசல் அங்க இருக்கு. சமையலறைக்கு வான்னு அதக் கூப்பிடவா முடியும்?" என்பான் அவன்.

அந்தப் பருவத்தில் காகிதம் இரண்டு முறை கிழிந்தது. இரண்டு முறையும் மெய்ரோங்தான் "அண்ணே, கிழிஞ்சிடுச்சு" என்று தொலைபேசியில் கூப்பிட்டாள். இரண்டு முறையும் சேகண்டி அடித்து, சரிவில் இருந்த சனமெல்லாம் பள்ளிக்கூடத்துத் தரையில் படுத்துக் கொசுக்கடி வாங்கியது. மலை ஒரு கூழாங்கல்லைக்கூட உருட்டவில்லை. திரும்பி வந்தவர்கள் பூஞ்சை பிடித்த மிளகாயைக் கொட்டிவிட்டுத் தாலினைத் திட்டினார்கள். தாலினுக்கே குழப்பமாகத்தான் இருந்தது. அளந்து பார்த்தால் விரிசல் மயிரிழைகூட அகலமாகவில்லை. ஈரத்தில் காகிதம் நைந்திருக்கும் என்றான்.

"ஈரமோ, நகமோ," என்றாள் யூச்சின்.

அவளுக்குச் சந்தேகமே இல்லை. தாலினை வரவழைக்க அந்தச் சிறுக்கியே கிழிக்கிறாள். அண்ணனாம், அண்ணன். கையும் களவுமாகப் பிடித்து ஊர் நடுவில் நிறுத்தாவிட்டால் தன் பெயர் யூச்சின் இல்லை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

வாய்ப்பு தானாக வந்தது. கண்காணிப்பாளர்களுக்கெல்லாம் மாவட்டத் தலைநகரில் பயிற்சி என்று தாலினைக் கூப்பிட்டார்கள். புறப்படும்போது சேகண்டியை அவள் கையில் கொடுத்து, போய்ப் புதுக் காகிதம் ஒட்டிவிட்டு வா, மழை வந்தால் பார்த்துக்கொள் என்றான். அவள் அன்றைக்கே பசைக் கிண்ணத்தோடு மேலே ஏறினாள்.

மெய்ரோங் வரவேற்றுத் தேநீர் போடப் போனாள். யூச்சின் அறையை ஒரு சுற்று பார்த்தாள். கட்டிலில் ஒரே தலையணை. சீப்பு, முகம் பார்க்கும் கண்ணாடி, தாலினுக்குப் பிடித்த பூசணி விதை ஒரு தட்டு நிறைய. அந்தத் தட்டைப் பார்த்ததும் அவளுக்குக் காது சூடானது. ஒரு காகிதத்தை எப்போதும் ஒட்டும் இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டினாள். பிறகு இன்னொன்றை எடுத்தாள். விரிசல் கல்யாணச் சீர் அலமாரிக்குப் பின்னாலும் ஓடியது. இடுக்கில் தோள்வரை கையை நுழைத்து, தடவித் தடவி, அங்கே ஒட்டினாள். முன்னால் இருப்பது மட்டும் கிழிந்து பின்னால் இருப்பது முழுசாக இருந்தால், கிழித்தது மலை இல்லை. மெய்ரோங் தேநீரோடு வருவதற்குள் கையைத் துடைத்துவிட்டு, "நல்ல அலமாரி," என்றாள்.

மறுநாள் மழை பிடித்தது. பெரிய மழை இல்லை, விடாத மழை. அதற்கு அடுத்த நாள் மதியம் மெய்ரோங்கே நனைந்துகொண்டு இறங்கி வந்தாள். தொலைபேசிக் கோபுரம் காலையிலேயே செத்துவிட்டது.

"அண்ணி, காகிதம் கிழிஞ்சிடுச்சு."

"அவரு இல்லாதப்பகூடவா?" என்றாள் யூச்சின். பண்டிகைக்குப் போகிறவள் மாதிரித்தான் மேலே ஏறினாள். ஊர் நடுவில் என்னென்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள்.

வெளிக்கதவு திறக்கவில்லை. நிலை சாய்ந்திருந்தது. இருவரும் தோளால் மோதித் திறந்தார்கள். முன்னால் இருந்த காகிதம் இரண்டாகத் தொங்கியது. யூச்சின் அதை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. நேராக அலமாரியின் பக்கவாட்டில் கன்னத்தை அழுத்தி, கைவிளக்கின் வெளிச்சத்தை இடுக்கில் அடித்தாள்.

அந்தக் காகிதமும் கிழிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பாதிகளுக்கும் நடுவில் பொடி மண் பொலபொலவென்று கொட்டியது.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்புறம் மெய்ரோங்கின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

சேகண்டி அடித்தபோது ஊர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது. யாரும் மூட்டையை எடுக்கவில்லை. வெய் பன்றித் தொழுவத்திலிருந்து தலையை நீட்டினான்.

"புருஷன் இல்லாத நேரமாப் பாத்து அவள வீட்ட விட்டுக் கிளப்புறியா? அதுக்கு நாங்க எதுக்கு நனையணும்?"

ஊர்த்தலைவர் சூ குடையோடு வந்தார். ஏற்கெனவே இரண்டு முறை கிழிந்து ஒன்றும் நடக்கவில்லையே என்றார். தாலின் வந்து அளக்கட்டும் என்றார். நிலை சாய்ந்திருப்பதைச் சொன்னாள். மழைக்காலத்தில் எந்தக் கதவு சாயவில்லை என்றார் அவர். நிற்கிறவர்கள் முகத்திலெல்லாம் ஒரே சிரிப்புதான் இருந்தது. அவள் பொறாமைக்காரி என்பது ஊர் அறிந்த சங்கதி. பொறாமைக்காரி அடிக்கும் சேகண்டிக்கு யார் ஓடுவார்கள்?

ஒரே ஒரு சாட்சி இருந்தது. அதைச் சொன்னால் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. மெய்ரோங் வேறு பக்கத்திலேயே நின்றாள். யூச்சின் சேகண்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அலமாரிக்குப் பின்னால இன்னொரு காகிதம் ஒட்டி வச்சேன்," என்றாள். "இவளுக்குத் தெரியாம. என் புருஷன வரவழைக்க இவதான் கிழிக்கிறான்னு நெனச்சேன். மாட்டிவிடத்தான் ஒட்டினேன். அதுவும் கிழிஞ்சிருக்கு. அங்க எந்தப் பொம்பளை நகமும் போகாது."

பின்னாலிருந்து ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். வெய் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சூ கையை உயர்த்தி அவனை அடக்கினார்.

"இத எவளும் பொய்யாச் சொல்ல மாட்டா," என்றார். "மூட்டைய எடுங்க."

அதற்குப் பிறகு ஒத்திகைபோலத்தான் நடந்தது. நடக்க முடியாதவர்களை முதுகில் தூக்கினார்கள். ஓடைப் பக்கம் போகாமல் வால்நட் தோப்பு வழியாகவே போனார்கள். வெய் இரண்டு பன்றிக்குட்டிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினான். எல்லா வீட்டையும் தட்டிவிட்டுக் கடைசியாக யூச்சின் வந்தாள். மெய்ரோங்கின் பூப்போட்ட போர்வை அவள் தலையில் இருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று அவளுக்கே தெரியாது.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் மலை வந்தது. யாரோ வண்டி வண்டியாகக் கல்லைக் கொட்டுவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். வெளியே ஓடி வந்து சரிவைப் பார்த்தபோது மெய்ரோங்கின் வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண் நின்றது. வெய்யின் தொழுவம் இல்லை. யூச்சின் வீட்டுச் சமையலறை பாதிதான் இருந்தது. ஆள் ஒருவர்கூடக் குறையவில்லை.

பாதை அடைபட்டதால் தாலின் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்திருந்தான். இடுப்புவரை சேறு. கண்காணிப்பாளன் வந்ததும் முதலில் தலைகளை எண்ணவேண்டும் என்பது விதி. பயிற்சியிலும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவன் பள்ளிக்கூட வாசலில் நின்று, ஆட்கள் மேல் இடறிக்கொண்டு, "யூச்சின் எங்க? யூச்சினப் பாத்தீங்களா?" என்று ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டான். வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்த மெய்ரோங்கையும் கேட்டான். அவள்தான் கை நீட்டிக் காட்டினாள்.

அவன் வந்து யூச்சின் எதிரில் உட்கார்ந்தான். அவள் கையிலிருந்த சேகண்டியைத் தொட்டுப் பார்த்தான். ஊர்த்தலைவர் சூ வந்து, எண்ணிக்கை என்ன ஆச்சு என்று அதட்டிய பிறகுதான் எழுந்து போனான்.

யூச்சினுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. பக்கத்தில் மெய்ரோங் வந்து உட்கார்ந்தாள். போர்வையில் பாதியை இவள் முழங்காலில் போர்த்தினாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று யூச்சின் வாயைத் திறந்தாள். மெய்ரோங் முந்திக்கொண்டாள். தலைகளை எண்ணிக்கொண்டு போகும் தாலினின் முதுகையே பார்த்தபடி, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"மொதல் ரெண்டு தடவ கிழிச்சது நான்தான், அண்ணி."