நாகேந்திரம் கோச்சின் விசில்

கொட்டாஞ்சேனைப் புனித கஸ்பார் கல்லூரியின் புதிய உதைபந்தாட்டக் கோச் நாகேந்திரம், சீசனுக்கு முந்திய பயிற்சி முகாமின் முதல் விசிலை ஊதியது ஜனவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை பின்நேரம். அந்தச் சத்தத்தோடு, அந்தக் கல்லூரியில் எந்தக் காலத்திலாவது படித்த ஆண்கள் எல்லாரும், எந்த ஊரில் என்ன செய்துகொண்டிருந்தாலும், எழுந்து ஓடினார்கள். கொச்சிக்கடையில் நவநாள் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்த பாதிரியார் பீடத்தைவிட்டு இறங்கிச் சனத்தை விலக்கிக்கொண்டு ஓடி, அரைமணி நேரத்தில் திரும்பி வந்து, விட்ட வசனத்திலிருந்தே தொடர்ந்தார். வெள்ளவத்தையில் ஒரு பல் வைத்தியர், நோயாளியின் வாயில் பஞ்சு இருக்க, காலி வீதி வழியே வடக்கு நோக்கி ஓடினார். கொள்ளுப்பிட்டிக்குக் கிட்டப் போகையில் நாகேந்திரம் நீள விசில் ஊதி முகாமை முடித்துவிட்டதால், அவர் பஸ் பிடித்துத் திரும்பிப் போனார். ரொறொன்ரோவில் அப்போது விடியாத நேரம். அங்கே இருந்த பழைய மாணவர்கள் போர்வையை உதறிவிட்டு, கொட்டாஞ்சேனை எந்தத் திசையோ அந்தத் திசையில் பனியில் ஓடினார்கள். சிலர் வடக்கே, சிலர் கிழக்கே. உலகம் உருண்டை என்பதால் இரண்டுமே சரி என்று பிறகு வட்ஸ்அப்பில் முடிவாகியது. அந்த வாரம் பச்சை மிளகாய் கிலோ ஆயிரம் ரூபாவைத் தாண்டியிருந்தது. கொட்டாஞ்சேனைச் சனம் இரண்டையும் பற்றி ஒரே அளவாகத்தான் கதைத்தது.

கஸ்பார்ஸ் கிண்ணம் தூக்கி ஒரு தலைமுறை ஆகப்போகிறது. போன சீசனில் எட்டுக்கு எதுவுமில்லை என்று தோற்றபோது கோல்காப்பாளனின் தாயே பாதியில் எழுந்து வீட்டுக்குப் போனாள். கோச்சுகள் வந்தார்கள், போனார்கள். கடைசியில் வடமராட்சிக் கரையிலிருந்து இந்த நாகேந்திரத்தைக் கூட்டிவந்தார்கள். ஒல்லியான மனிதர், அதிகம் கதைக்காதவர். பெடியன்களை லொறி டயரை இடுப்பில் கட்டி இழுக்கவைத்தார். மணல் வாளிகளோடு படியேற்றினார். தண்ணீர் கேட்டவனுக்குத் தண்ணீரும் இன்னொரு சுற்றும் கொடுத்தார். விசில் புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய செம்மஞ்சள் பிளாஸ்டிக் விசில். கல்லூரி அதிபர் அதே கடையில் இன்னொன்று வாங்கித் தானே ஊதிப் பார்த்தார். ஒரு நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது. ஜம்பட்டா வீதித் தேநீர்க் கடையில் கூடும் ரசிகர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தாங்களும் முகாமில் இருக்கிறோம், இந்த வருடம் கிண்ணம் எங்களுக்குத்தான் என்று அவர்கள் அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். அறுபது வயதுக்காரர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை, வேர்க்கவில்லை. விசில் அவர்களைத் தூக்கிக்கொண்டுதான் போனது. செருப்பு தேயக்கூட இல்லை.

ஹியூபேட் மட்டும் ஓடவில்லை. முதல் நாள் அவர் மைதானத்து மதிலோடு, கையில் பாண் பையுடன் நின்றார். விசில் அவருக்கும் நன்றாகக் கேட்டது. காதுவரை வந்தது, கால்வரை போகவில்லை. ஏனென்றால் ஹியூபேட் கஸ்பார்ஸில் படித்தவர் அல்ல.

இது ஒருவருக்கும் தெரியாது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த தகப்பன், பத்து வயது ஹியூபேட்டுக்கு வெள்ளைச் சட்டை போட்டு ஒருமுறை அந்தக் கல்லூரி அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். இடமில்லை என்றார்கள். இரண்டு பேரும் திரும்பி நடந்தார்கள். பிறகு அவன் படித்தது சந்துக்குள் இருந்த தகரக் கூரைப் பள்ளிக்கூடத்தில். ஆனால் கஸ்பார்ஸ் ஆடிய ஒரு மட்சையும் அவன் விட்டதில்லை. முதலில் மதிலுக்கு மேலிருந்து, பிறகு வாசலால், பிறகு துறைமுகத்தில் கிளார்க் வேலை கிடைத்தபின் முன்வரிசையிலிருந்து. நாற்பது வருடமாகக் கொடியைப் பிடிப்பது அவர்தான். எந்த வருடத்து பட்ச் என்று எவராவது தொடங்கினால், மழைக்குள் ஆறு கோல் அடித்த அந்த வருடத்தை ஹியூபேட் சொல்லத் தொடங்குவார். ஒவ்வொரு கோலையும் காலால் அடித்தே காட்டுவார். கேட்டவர் கேள்வியை மறந்துபோவார். பொய் என்று ஒன்றை அவர் வாயால் சொன்னதே இல்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் மனைவி றோஸி. அவள் ஆறு வருடத்துக்கு முன் காலமானாள். மகள் டிலக்ஷி மெல்பேர்னில். அவளும் தகப்பன் கஸ்பார்ஸ்காரன் என்றே நினைத்திருந்தாள். றோஸி போனபின் அந்த மேல்மாடி அறைக்குள் ஹியூபேட்டை முழுதாகத் தெரிந்தவர் ஹியூபேட் மட்டும்தான்.

இரண்டாம் நாளிலிருந்து அவரும் ஓடினார். ஹார்ட்வெயார் கடை றமேஷ் பள்ளிக்கூட நாளிலிருந்து கஸ்பார்ஸ். ரசிகர் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. பின்நேரமானால் ஹியூபேட் அவருக்குப் பக்கத்தில் போய் நிற்பார். றமேஷின் குதிக்கால் எழும்பினால் தானும் எழும்பிவிடுவார். மற்றவர்களைத் தூக்கிப்போன ஓட்டத்தை அவர் தன் முழங்காலால் ஓடினார். நெஞ்சு அடைத்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. அதற்காக ஒரு பையில் மாற்றுச் சட்டை கொண்டுபோகப் பழகினார். மற்றவர்கள் ஓடி முடித்துக் காற்று வாங்க நிற்கையில், கழிப்பறைக்குப் போகிறவர் மாதிரிப் போய் மாற்றிக்கொண்டு வருவார். வீடு திரும்பிக் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது வலிக்கிற இடத்தைச் சொல்ல ஆள் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை டிலக்ஷி போன் எடுத்து, தங்கள் சேர்ச்சில் ஒரு அங்கிள் பார்க்கிங் முழுக்க ஓடினவர் என்று சிரித்துவிட்டு, நீங்களும் ஓடினீங்களா டடா என்று கேட்டாள். ஓம், ஓடினனான் என்றார். அது உண்மைதான்.

முகாமின் நான்காவது வாரம் றமேஷ் அடிபட்டார். மைதான வாசல் இருப்பது துறைமுகத்திலிருந்து கொண்டெயினர் லொறிகள் வருகிற வீதியில். விசில் கேட்டால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடிவருகிறவர்களுக்கு நிற்க வழியில்லை, கால் அவர்கள் கையில் இல்லை. அன்றைக்கு ஒரு லொறி பிறேக் பிடித்தும் அதன் மூலை றமேஷின் தோளில் பட்டது. தோள் எலும்பு விலகித் தொங்க, றமேஷ் மிச்சச் சுற்றையும் ஓடி முடித்தார். விசிலை நிறுத்தலாமா என்று நாகேந்திரம் கேட்டபோது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து முதலில் வேண்டாம் என்றவரே றமேஷ்தான். பெடியன்கள் இப்போதுதான் பந்தை நிலத்தோடு வைத்து ஆடப் பழகியிருக்கிறார்கள், இத்தனை வருடத்துக்குப் பிறகு நம்ப ஒன்று கிடைத்திருக்கிறது, அதைக் கெடுக்காதே என்றார். எல்லாரும் அதையே சொன்னார்கள். வீதியில் ஒரு பொலிஸ்காரரை நிறுத்தினார்கள். சார்ஜன்ட் பழைய மாணவர் என்பதால் விசிலோடு அவரும் ஓடிவிட்டார். அடுத்து வந்த இளம் கான்ஸ்டபிள், லொறிக்காரர்கள் ஹோன் அடித்துக் கத்தத் தொடங்கியதும் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார்.

கான்ஸ்டபிள் ஒதுங்கிய அன்று முகாம் முடிந்து ஹியூபேட் சட்டை மாற்றப் போகையில் நாகேந்திரம் பின்னால் வந்து நின்றார். தண்ணீர்க் குழாயடியில் வேறு ஒருவரும் இல்லை.

"ஐயா, உங்களுக்கு வேர்க்குது," என்றார். "அவையள் ஒருத்தருக்கும் வேர்க்கேல்ல."

ஹியூபேட் ஈரச் சட்டையைப் பையில் வைத்தார். வயதாகிறது, பிரஷர் இருக்கிறது என்றார். நாகேந்திரம் அதை மறுக்கவில்லை. குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டார்.

"நான் ஒருத்தரிட்டையும் கதைக்கமாட்டன். நீங்கள் இப்பிடியே ஓடலாம். ஆனா றோட்டில நிக்க ஒராள் வேணும். சம்பளத்துக்கு நிக்கிறவன் லொறியைக் கண்டா விலகிடுவான். இவையள் சாகக்கூடாதெண்டு நினைக்கிற ஆளா இருக்கவேணும். ஓடாத ஆளாவும் இருக்கவேணும்."

ஹியூபேட் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அன்றிரவு சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சாப்பிடவில்லை. வீதியில் நின்றால் எல்லாரும் காண்பார்கள். நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நாற்பது வருடம் தோளில் கைபோட்டு நின்ற ஆட்கள். கோல் விழுந்தபோதெல்லாம் கட்டிப்பிடித்த ஆட்கள். றோஸியின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆட்கள். அதில் இருவர் இந்த மாதத்துக்குள் லொறிக்கு அடியில் போகக்கூடும் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் பின்நேரம் அவர் கொடியை எடுத்துக்கொண்டு போய் வீதியின் நடுவில் நின்றார். விசில் கேட்டது. ஜம்பட்டா வீதிப் பக்கமிருந்து கூட்டம் வந்தது. துறைமுகப் பக்கமிருந்து மூன்று கொண்டெயினர் லொறிகள் வந்தன. ஹியூபேட் கொடியைக் குறுக்கே பிடித்தார். முன்னால் வந்த லொறி அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அதன் சூடு முகத்தில் அடித்தது. ஹோன் அடித்தார்கள், கத்தினார்கள். அவர் விலகவில்லை. அவருக்குப் பின்னால் கூட்டம் வீதியைக் கடந்தது. பாதிரியார் போனார். பேக்கரிக்காரர் போனார். சார்ஜன்ட் தொப்பியைப் பிடித்தபடி போனார். கை கட்டுப்போட்டிருந்த றமேஷும் போனார். ஓடிக்கொண்டே ஹியூபேட்டைக் கண்டார். கால்கள் அவரை மைதானத்துக்குள் இழுத்துப்போக, தலை மட்டும் திரும்பியபடி, வாசல் மறைக்கும்வரை பார்த்துக்கொண்டே போனார்.

ஒருவரும் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்குத் தேநீர்க் கடையில் வழக்கம்போல இடம் விட்டார்கள், தேநீர் வந்தது. றமேஷ் கைக்கட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "நீங்கள் இல்லாட்டி இண்டைக்கு ரெண்டு பேர் போயிருப்பினம், ஹியூபேட்," என்றார். அதுவரை அவர் ஹியூபேட்டோடு கதைத்தது நீ, வா, போ, மச்சான் என்றுதான். பக்கத்தில் இருந்தவர்களும் அதைக் கேட்டார்கள். அன்றிலிருந்து எல்லாரும் நீங்கள் என்றே சொன்னார்கள். தேநீர்க் காசு கொடுக்க விடவில்லை. பழைய வாத்தியார்களின் பட்டப்பெயரைச் சொல்லிச் சிரிக்கும்போது, இவருக்கு விளங்காதே என்று பாவம் பார்த்து நிறுத்தி விளக்கினார்கள். அந்தப் பெயர்கள் எல்லாம் ஹியூபேட்டுக்கு அவர்களைவிட நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை டிலக்ஷி எடுத்தபோது செய்தி மெல்பேர்னுக்குப் போயிருந்தது. ஏன் டடா எனக்குக்கூடச் சொல்லேல்ல என்றாள். நீ கேக்கேல்லையே மகள் என்றார். பிறகு அவள் மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். மீன் பொரித்ததாகச் சொன்னார். பொரிக்கவில்லை.

அந்த வருடம் கஸ்பார்ஸ் இறுதி ஆட்டத்துக்குப் போனது. எதிரணி வெள்ளவத்தைக் கல்லூரி ஒன்று. கடைசி நிமிடங்களில் மற்றப் பெடியன்கள் இடுப்பில் கைவைத்து நிற்க, கஸ்பார்ஸ் பெடியன்கள் அப்போதுதான் தொடங்கியவர்கள் மாதிரி ஓடினார்கள். இரண்டுக்கு ஒன்று. பெரிய மனிதர்கள் நிலத்தில் உட்கார்ந்து அழுதார்கள். ஹியூபேட்டும் அழுதார். ஆனால் கட்டிப்பிடிக்கத் திரும்பியவர்கள் அவரைக் கண்டதும் ஒரு கணம் நின்று, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கல்லூரி மண்டபத்தில் நடந்த விருந்துக்கு அவர் பெயரை அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள், விசேட விருந்தினர் என்று. மேடையில் வெள்ளைத் துணி போட்ட கதிரை. மாலை போட்டார்கள். அதிபர் நன்றி சொன்னார். கீழே பின்வரிசையில் றமேஷ் ஆட்கள் கல்லூரிக் கீதத்தைத் தோளில் தோள் போட்டு ஆடி ஆடிப் பாடினார்கள். ஹியூபேட்டுக்கு ஒவ்வொரு வரியும் பாடம். விருந்தினர் பாடுவது வழக்கமில்லை என்பதால் அவர் எழுந்து நின்று, வாயை மூடிக்கொண்டு கேட்டார்.

நாகேந்திரம் கோச் இன்னும் கஸ்பார்ஸில்தான் இருக்கிறார். ஒவ்வொரு ஜனவரியும் முகாம் நடக்கிறது, விசில் ஊதுகிறார், ஆட்கள் ஓடுகிறார்கள். வெள்ளவத்தைப் பல் வைத்தியர் ஜனவரி பின்நேரங்களில் நோயாளிகளை எடுப்பதில்லை. ரொறொன்ரோக்காரர்கள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு படுக்கிறார்கள். மாநகரசபை ஆட்கள் மைதான வாசலுக்கு முன்னால் மஞ்சள் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். ஹியூபேட் அந்தக் கோட்டில் நிற்கிறார். முழங்கால் இப்போது வலிப்பதில்லை.

இந்த வருடம் ஒரு பின்நேரம், அந்த வீதிக்குப் புதிதான சிங்களச் சாரதி ஒருவர் லொறியை அவர் கொடிக்கு முன்னால் நிறுத்தினார். ஓடுகிற கூட்டத்தை ஜன்னலால் எட்டிப் பார்த்து, யார் இவர்கள் என்று கேட்டார். இந்தக் கல்லூரியில் படித்தவர்கள் என்று ஹியூபேட் சிங்களத்தில் சொன்னார். சாரதி அவரை மேலும் கீழும் பார்த்தார். அப்படியென்றால் அய்யே ஏன் ஓடவில்லை என்றார், அண்ணன் என்கிற மாதிரி.

"மம மெஹே இகெனகத்தே நே, மல்லி," என்றார் ஹியூபேட்.

நான் இங்கே படிக்கவில்லை, தம்பி. அந்த வசனத்தை அவர் தமிழில் ஒருநாளும் சொன்னதில்லை. சாரதி அப்படியா என்று தலையை ஆட்டி, இஞ்சினை நிறுத்தினார். கூட்டத்தின் கடைசி ஆள் வாசலுக்குள் போய்விட்டார். வீதி காலியாக இருந்தது. ஆனாலும் பிந்தி வருகிறவர் எவராவது இருக்கக்கூடும் என்று ஹியூபேட் கொடியை இறக்காமல் நின்றார். சாரதியும் காத்திருந்தார்.