ஒரு பக்கம் இழுக்கும் கத்திகள்

பன்னிரண்டு கத்திகளும் காலையில் திரும்பி வந்துவிட்டன. மழுங்கிப்போய் மறுபடி தீட்ட வந்தவை அல்ல. முந்தாநாள்தான் தீட்டி, துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பியவை. கூடவே ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் எழுதிய சீட்டு: "எல்லாம் ஒரு பக்கமா இழுக்குது. சாயங்காலம் நாலு மணிக்கு மெஷினோட வாங்க. என் முன்னாடி ஒரு கத்தி தீட்டிக் காட்டுங்க. சரியா வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன், தப்பா நினைக்காதீங்க."

நூலண்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சீட்டை இரண்டு தரம் படித்தார். இருபத்திரண்டு வருஷச் சாணைத் தொழிலில் ஒரு கத்தி, ஒரே ஒரு கத்தி, இப்படித் திரும்பி வந்ததில்லை. நூல் பிடித்த மாதிரி தீட்டுவார் என்றுதான் அவருக்கு அந்தப் பட்டப்பெயரே வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் மனைவிக்கே சட்டென்று ஞாபகம் வராது. கடை வேலையில் முக்கால்வாசி அந்த ஓட்டலிலிருந்து வருவது. அது கைவிட்டுப் போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

"அந்த ஆளுக்கு வெட்டத் தெரியலை, கத்தி மேல பழி போடறான்," என்றார். பழி போடுவதில் தானும் லேசுப்பட்டவர் இல்லை என்பதை அடுத்த அரைமணியில் காட்டினார்.

மனைவி ஒரு வெள்ளரிக்காயைப் பலகையில் வைத்து, திரும்பி வந்த கத்தி ஒன்றால் மெல்லிசாகச் சீவிப் பார்த்தாள். நேராக இறங்க வேண்டிய கத்தி வலப்பக்கம் நழுவியது. வில்லை மேலே தடிமனாகவும் கீழே காகிதமாகவும் விழுந்தது. இரண்டாவது கத்தி, மூன்றாவது கத்தி, எல்லாம் அதே கதைதான்.

"என்னங்க, இழுக்குதே," என்றாள்.

நூலண்ணன் கத்தியைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பினார். கத்தியின் வாயில் இரண்டு பக்கச் சரிவும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று அகலமாகி மற்றது குறுகினால் கத்தி கோணிக்கொண்டுதான் ஓடும். அதற்காகத்தானே நாலு வருஷத்துக்கு முன் அந்தக் கம்பி மெஷினையே கொண்டுவந்தார்? கத்தியை ஒரு கிளாம்ப் கவ்விக்கொள்ளும். கல் பொருத்திய நீளக் கம்பி ஒரே கோணத்தில் போய் வரும். ஒரு பக்கம் முடிந்ததும் கிளாம்பைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தீட்ட வேண்டும். கை நடுங்கினாலும் கோணம் நடுங்காது. அந்தக் கிளாம்பைக் கடைந்து கொடுத்தவன் மனைவியின் தம்பி, லேத் பட்டறை வைத்திருப்பவன். அப்புறம் என்ன, பழி போட ஆள் கிடைத்தாயிற்று.

"மச்சான், உன் கிளாம்ப் கோணல்!" என்று போனில் கத்தினார். "மூணு மாசமா கோணல். சொந்தக்காரனாச்சேன்னு நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். இன்னைக்கு என் பொழைப்பே போகப் போகுது. உடனே கிளம்பி வா!"

மச்சான் அரைச் சவரத்தோடு ஓடிவந்தான். சட்டைப்பையில் கோணம் காட்டும் சின்ன டிஜிட்டல் பெட்டி இருந்தது. கத்தியைக் கிளாம்பில் மாட்டி, பெட்டியைக் கத்தியின் தட்டையான உடம்பில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, கல்லின் மேல் ஒட்டினான். பத்தொன்பது டிகிரி என்றது. கிளாம்பைத் திருப்பி, அந்தப் பக்கமும் அதே மாதிரி அளந்தான். பதினொன்று.

"பார்த்தியா! நான் சொன்னா மட்டும் யாரும் நம்ப மாட்டீங்க," என்று நூலண்ணன் தொடையைத் தட்டினார்.

"ஆமா மாமா, கோணல்தான்." மச்சான் முகம் செத்துப்போயிற்று. என்ன ஏது என்று பார்க்கக் கிளாம்பைக் கழற்றியவன் அப்படியே நின்றுவிட்டான். கவ்வும் தாடையில் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய பித்தளைத் தகடு சொருகியிருந்தது. ஒன்றில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு.

"இதை யாரு மாமா சொருகினது?"

"நான்தான். உன் கோணலைச் சரிக்கட்ட வேற வழி? மொதல்ல ஒண்ணு வெச்சேன். கொஞ்ச நாள்ல அது பத்தலை, இன்னொண்ணு. போன வாரம்தான் நாலாவது."

மச்சான் நான்கையும் உருவி மேஜையில் போட்டான். கத்தியைத் திரும்ப மாட்டி அளந்தான். பதினைந்து. திருப்பினான். பதினைந்து.

"உன் பெட்டி பொய் சொல்லுது," என்றார் நூலண்ணன். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை. கத்தியின் வாயில் கறுப்பு மார்க்கரைப் பூசி, கல்லை இந்தப் பக்கம் பத்துத் தடவை, அந்தப் பக்கம் பத்துத் தடவை ஓட்டினார். மை அழிந்த இடம்தான் கல் தொட்ட இடம், அது ஏமாற்றாது. லென்ஸை வலது கண்ணில் இடுக்கிக்கொண்டு, கத்தியின் வாயை நேருக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"அடப்பாவி, இப்பத்தான் ரொம்ப மோசம்! இடப்பக்கம் நடுவுல யாரோ கிள்ளி எடுத்த மாதிரி இருக்கு. உங்களுக்கெல்லாம் கண்ணு தெரியலையா?"

மனைவி லென்ஸை வாங்கிப் பார்த்தாள். தம்பியும் பார்த்தான்.

"ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு."

"அக்காவும் தம்பியும் பேசி வெச்சுக்கிட்டீங்களா? அப்ப கம்பிதான் வளைஞ்சிருக்கு. இதோ, நடுவுல நெளியுது பாரு!" இடது கண்ணை மூடி, வலது கண்ணால் கம்பியோரமாகப் பார்த்தார்.

மச்சான் கம்பியைக் கழற்றிக் கண்ணாடிப் பலகையில் உருட்டிவிட்டான். வளைந்த கம்பி என்றால் தத்தித் தத்திப் போகும். இது வழுக்கிக்கொண்டு ஓடி, மறுமுனையில் விழுந்தது. "நேரா இருக்கு மாமா," என்றான், மெதுவாக.

மனைவி கம்பியைப் பார்க்கவில்லை. புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, அந்தக் கண்ணை மூடிட்டு இந்தக் கண்ணால பாருங்க."

"என்னடி புது வைத்தியம்?" என்று முணுமுணுத்தபடி வலது கண்ணை மூடினார். கம்பி நேராக இருந்தது. இடது கண்ணை மூடி வலதைத் திறந்தார். கம்பி நெளிந்தது. மாற்றிப் பார்த்தார். நேர். மாற்றினார். நெளிவு. நிமிர்ந்து கதவுச் சட்டத்தைப் பார்த்தார். அதுவும் நடுவில் குழைந்து வளைந்தது. அதே ஒற்றைக் கண்ணோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். தலைமுடி தெரிந்தது, காது தெரிந்தது, தோள் தெரிந்தது. மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பூசியது போல் ஓர் அழுக்கு.

"ஐயையோ," என்றார். "உன் முகத்தைக் காணோம்டி."

ஒரு கண் மூன்று மாதமாகப் பொய் சொல்லியிருக்கிறது. இன்னொரு கண் அதை மூடி மறைத்திருக்கிறது. அந்தப் பொய்யை நம்பி, நேராக இருந்த மெஷினைத் தன் கையாலேயே தகடு தகடாகக் கோணலாக்கியிருக்கிறார். முதலில் வந்தது பயம்தான்.

"வெளியில யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கண்ணு போன சாணைக்காரன்கிட்ட எவன் கத்தி குடுப்பான்?"

"கண்ணை விட அந்த ஓட்டல் பெருசா? இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வாங்க," என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை.

"கிளாம்ப் தப்புன்னே சொல்லிடலாம் மாமா," என்றான் மச்சான். "நான் ஒத்துக்கறேன். நாலு மணி வேலையை முடிச்சுட்டு டாக்டர்கிட்ட போவோம்."

நாலு மணிக்கு ஓட்டல் சமையலறையில், ஸ்டீல் மேஜை மேல் மெஷினை வைத்து நூலண்ணன் வேலையை ஆரம்பித்தார். லென்ஸை இடது கண்ணில் இடுக்கினார். பழகாத கண், லென்ஸ் இரண்டு முறை நழுவி விழுந்தது. கை தானாக வலது கண்ணுக்கே போயிற்று. ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினார். சுற்றி நின்ற சமையலறை ஆட்கள் ஆறு பேரும் மச்சானும் மனைவியும் அவர் கையையே பார்த்தார்கள். கடைசியில் தலைமைச் சமையல்காரர் கத்தியை வாங்கி ஒரு வெள்ளரிக்காயைச் சீவினார். வில்லைகள் ஒரே மாதிரி, அடுக்கடுக்காகச் சரிந்தன.

"இதுதான் நூலண்ணன் கை!" என்று சந்தோஷமாகச் சொன்னார். "அப்புறம் ஏண்ணே அந்தப் பன்னிரண்டும் அப்படிப் போச்சு?"

மச்சான் முன்னால் வந்தான். "என் தப்புதாங்க. கிளாம்பைக் கோணலாக் கடைஞ்சுட்டேன்."

"மூஞ்சியிலயே பாதிதான் சவரம் பண்ணியிருக்கான். இவன்கிட்ட வேலை குடுத்தா வேற எப்படி வரும்?" என்றார் தலைமைச் சமையல்காரர். சமையலறையே சிரித்தது. மச்சான் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

நூலண்ணனால் தாங்க முடியவில்லை.

"சிரிக்காதீங்க!" என்று கத்தினார். "அவன் கிளாம்ப் நேர்தான். கோணலாக்கினது நான். என் கண்ணு போயிடுச்சு. வலது கண்ணு போயிடுச்சுங்க!"

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது நிஜமாயிற்று. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னாலும் விக்கி விக்கி அழுதார். அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது, யாரும் அணைக்கவில்லை.

"எத்தனை நாளா?" என்று நூலண்ணனின் மனைவியிடம் தலைமைச் சமையல்காரர் கேட்டார்.

"மூணு மாசமா. இன்னைக்குக் காலையிலதான் எங்களுக்கே தெரியும்."

"காலையிலயே தெரியுமா? தெரிஞ்சும் டாக்டரைப் பார்க்காம இங்க வந்து எனக்கு வெள்ளரிக்காய் சீவிக் காட்டறீங்களா?" என்று அந்த ஆள் மேஜையைத் தட்டினார். "உங்களுக்கெல்லாம் பைத்தியமா? கண்ணுங்க! கத்தி கிடக்குது கத்தி!" ஏப்ரனை அவிழ்த்து எறிந்துவிட்டு, காய்கறி வண்டியின் சாவியை எடுத்தார். கண் ஆஸ்பத்திரி ஐந்து மணிக்கு மூடிவிடும்.

வண்டியில் நூலண்ணன் இடது கண்ணைக் கையால் பொத்துவதும், மனைவியைப் பார்ப்பதும், கையை எடுப்பதுமாக இருந்தார்.

"இன்னும் காணோமா?" என்று கேட்டாள்.

"காணோம்."

"அப்படிப் பார்க்காதீங்க," என்று அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "ரெண்டு கண்ணையும் திறந்து வெச்சுக்கிட்டு வாங்க." அதட்டித்தான் சொன்னாள், அழுதுகொண்டே.