வாய் ஒன்று, கை ஒன்று

வெளியிலிருந்து வந்திருந்த தீர்க்கதரிசி கையை உயர்த்தியதும், அவர் பேச்சைத் தமிழில் சொல்ல நின்றிருந்த டீச்சரும் கையை உயர்த்தினாள். மொழிபெயர்க்கிறவர் பேசுகிறவருக்கு நிழலாக நிற்கவேண்டும் என்பது அந்தச் சபையில் எழுதாத சட்டம். அவர் கத்தினால் கத்தவேண்டும், அழுதால் கொஞ்சமாவது தொண்டை கம்மவேண்டும். பள்ளிக்கூடத்தில் வகுப்பையே அடக்குகிற குரல் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அது ஆண்டவருக்கு இலவசம்.

அன்றைய பிரசங்கத்தைக் குறை சொல்ல முடியாது. தீர்க்கதரிசிகள் எல்லோரும் "கர்த்தர் சொல்லுகிறார்" என்றார்கள், இயேசு மட்டும் "நான் உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்றார், ஏனென்றால் அவர் சேதி கொண்டுவந்தவர் அல்ல, அனுப்பியவரே என்று தீர்க்கதரிசி சொன்னபோது டீச்சருக்கே உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகுதான் தையல்காரம்மா மகளை இழுத்துக்கொண்டு மேடைக்கு வந்தாள். பிள்ளைக்குச் சர்க்கரை நோய். ஊசி போட்டுப் போட்டுச் சல்லடையாகிவிட்டாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அழுகிற தாய். தீர்க்கதரிசி பிள்ளையின் தலையில் கைவைத்தார். இவள் சுகமாகிவிட்டாள், இன்றோடு ஊசியைத் தூக்கி எறியுங்கள், கர்த்தர் சொல்லுகிறார் என்று கையை வீசித் தன் மொழியில் முழங்கினார்.

பிள்ளையை டீச்சருக்குத் தெரியும். அவள் வகுப்புப் பிள்ளைதான். ஊசி தவறிய ஒரு நாளில் வாந்தியெடுத்து பெஞ்சிலேயே சுருண்டு விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவளும் டீச்சர்தான்.

"இந்தப் பிள்ளை சுகமாயிடும்," என்றாள் மைக்கில். "ஊசியை மட்டும் ஒரு நாளும் நிறுத்தாதீங்க. கர்த்தர் சொல்லுகிறார்!"

சபை அல்லேலூயா என்றது. கர்த்தர் சொல்லாததை அவர் பெயரால் சொன்னவனுக்கு வேதத்தில் சாவுதான் தீர்ப்பு என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவளே டீச்சர்தான். ஒருவேளை தீர்க்கதரிசி சொன்னது நிஜமாகவே கர்த்தர் சொன்னதுதான் என்றால்? அப்படியொரு கர்த்தரை நினைக்க அதைவிடப் பயமாக இருந்தது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

தையல்காரம்மா நகரவில்லை.

"டீச்சர், நிறுத்தாதீங்கன்னு வாய் சொல்லுது. கை தூக்கி எறியுதே?"

அப்போதுதான் டீச்சர் தன் வலது கையைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் அது தீர்க்கதரிசியைப்போலவே வீசி எறிந்துவிட்டு, இன்னும் விரல் விரித்தபடி அந்தரத்தில் நின்றது.

"ஐயா நிஜமா என்னதான் சொன்னாரு? பெத்தவ கேக்குறேன், மறைக்காதீங்க."

சபைப் போதகர் முன்வரிசையிலிருந்து தலையை நீட்டினார். "சொல்லும்மா."

"எறியச் சொன்னாரு," என்றாள் டீச்சர். "கர்த்தர் சொல்றார்னு சொன்னாரு. நான் சொல்றேன், எறியாதீங்க."

யாரோ "சீ" என்றார்கள். போதகர் எழுந்துவிட்டார். தமிழ் தெரியாத தீர்க்கதரிசி, நல்லது ஏதோ நடக்கிறது என்ற நினைப்பில், கண்ணை மூடி "ஆமென்" என்றார்.

தையல்காரம்மா மகளைத் தன்னோடு இறுக்கிக்கொண்டாள். தீர்க்கதரிசி முகத்தைப் பார்த்தாள், டீச்சர் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் அவர் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை மூச்சுமுட்டி நெளிந்தது. அந்தப் பிடி மட்டும் தளரவில்லை.